காற்றுப்பை விளக்கு அணையாவிட்டால்...

நீர் இறைக்கும் இயந்திரம் இயங்க மறுத்தால் கமக்காரர் என்ன செய்வார்? முதலில் எண்ணெய் இருக்கின்றதா என்று பார்ப்பார். பிறகு பிளக்கைக் கழற்றித் துடைத்து, பொறி வருகின்றதா என்று பார்ப்பார். அடுத்து எண்ணெய்க் குழாயை ஊதிப் பார்ப்பார். ஒவ்வொன்றாகப் பார்த்துக் கழித்துக்கொண்டு வந்தால், எஞ்சி நிற்பதே பழுது. இந்த ஒழுங்கை எமது கமக்காரருக்கு எந்தப் பள்ளிக்கூடமும் கற்பிக்கவில்லை. தோட்டமும் கிணற்றடியுமே கற்பித்தன.

இடம்பெயர்ந்து வந்த குடும்பங்கள் பலவற்றில் இன்று கராஜே பிள்ளைகளின் முதல் தொழிற்கூடமாக இருக்கின்றது. தகப்பனிடம் இயந்திரம் பார்க்கப் பழகிய பிள்ளை அங்கே விரைவில் தேறிவிடுவான். ஆனால் வாகனத்தில் ஓர் இடம் மட்டும் "தொட்டுப் பார்ப்போம், கழற்றிப் பார்ப்போம்" என்ற பழக்கத்துக்கு இடம் கொடாது. அதுதான் காற்றுப்பை. அதன் மின்பழுதை எந்த ஒழுங்கில் தேடுவது, எதைத் தொடக்கூடாது, வாகனம் வாங்குவோர் எதைக் கவனிக்க வேண்டும் என்பவற்றை இங்கே பார்ப்போம்.

இலங்கைக்கு வந்த பாவித்த யப்பான் கார்கள், வான்களில் மிகப் பலவற்றில் காற்றுப்பை உண்டு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியிலேதான் தனியார் வாகனங்களை மீண்டும் இறக்க அனுமதி கிடைத்தது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளும் பழைய வாகனங்களைத் திருத்தித் திருத்தியே ஓட்டினோம். ஆகவே பதினைந்து, இருபது வயதான காற்றுப்பைகள் எமது வீதிகளில் ஓடுகின்றன. அவற்றின் வயர்களும் அதே வயதானவை.

காற்றுப்பை என்றால் என்ன?

1952இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஜோன் ஹெட்ரிக் என்பவர் மனைவியோடும் சிறு மகளோடும் காரில் போனார். வழியில் ஒரு கல்லைக் கண்டு காரை வெட்டித் திருப்பிப் பிறேக்கை அழுத்தினார். அந்த வேளையில் தாயும் தகப்பனும் தம்மை அறியாமலே பிள்ளைக்கு முன்னால் கையை நீட்டினார்கள். அந்தக் கைக்குப் பதிலாக ஒரு பை வந்து தடுத்தால் என்ன என்று அவர் சிந்தித்தார். 1953இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார்.

இன்றைய காற்றுப்பைத் தொகுதியில் ஐந்து உறுப்புகள் முக்கியமானவை. மோதலை உணரும் உணரிகள் வண்டியின் முன்பக்கத்தில் இருக்கும். அவற்றின் செய்தியைக் கேட்டு முடிவெடுக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி பெரும்பாலும் இரு முன் ஆசனங்களுக்கும் நடுவே, தரையோடு பொருத்தப்பட்டிருக்கும். ஸ்ரியரிங்கின் நடுவிலும் டாஷ்போட்டினுள்ளும் பைகள் மடித்து வைக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு பைக்கும் பின்னால் வாயு உண்டாக்கும் மருந்துக் குப்பியும், அதைப் பற்றவைக்கும் மின்திரியும் உண்டு. ஸ்ரியரிங் சுழலும்போது வயர் அறுந்துவிடாமல் மின்னைக் கொண்டு செல்வது ஒரு சுருள்நாடா. இதைக் கராஜ்களில் ஸ்பைரல் கேபிள் என்பார்கள்.

பலமான மோதல் நிகழ்ந்தவுடன் பெட்டி மின்திரிக்கு மின்னை அனுப்பும். மருந்து பற்றி வாயு வெளிப்பட்டு, ஒரு விநாடியை ஆயிரமாகப் பிரித்தால் அதில் ஏறத்தாழ முப்பது பங்கு நேரத்தில் பை விரிந்துவிடும். கண் இமைத்து முடிக்க இதனிலும் கூடிய நேரம் செல்லும். மணிக்கு 200 கிலோமீற்றருக்கும் கூடிய வேகத்தோடு வரும் அந்தப் பை உயிர் காக்கும். முகத்தை நேரே வைத்துக்கொண்டு வேலை செய்பவரின் மேல் விரிந்தால் உயிர் போகவும் கூடும். பெயர் காற்றுப்பை என்றாலும் உள்ளே இருப்பது வெடிமருந்து வகை. கண்ணிவெடிப் பலகையைப் பார்த்து ஒதுங்கி நடந்து பழகிய எமது மக்களுக்கு இதை அதிகம் விளக்கத் தேவையில்லை.

விளக்கு சொல்லும் செய்தி

திறப்பைத் திருப்பியவுடன் மீற்றர்ப் பலகையில் காற்றுப்பை விளக்கு எரிய வேண்டும். சில விநாடிகளில் அணைய வேண்டும். அந்த நேரத்தில் பெட்டி தனது வயர்களையும் திரிகளையும் சோதித்துக்கொள்கின்றது.

எரிந்து அணைந்தால், பெட்டி சோதித்த மட்டில் சுற்று ஒழுங்காக இருக்கின்றது. அணையாமல் எரிந்தால், அல்லது ஓடும்போது மீண்டும் எரிந்தால், எங்கோ பழுது. அந்த நிலையில் விபத்து நேர்ந்தால் பை விரியாமல் விடலாம். திறப்பைத் திருப்பியும் விளக்கு எரியவே இல்லை என்றால் அதுவும் பழுதே. பல்ப் போயிருக்கலாம், பெட்டிக்கு மின் வராமல் இருக்கலாம். எவரோ வேண்டுமென்றே விளக்கைக் கழற்றியும் இருக்கலாம்.

நான்கு வகைப் பழுதுகள்

வயரில் ஓடும் மின்னை வாய்க்காலில் ஓடும் நீரோடு ஒப்பிட்டால் விளங்கிக்கொள்வது எளிது. கிணற்றடியில் இருந்து பாத்திக்கு நீர் போய்ச் சேராததற்குச் சில காரணங்களே உண்டு.

ஒன்று: வாய்க்கால் அறுந்திருத்தல். வயர் அறுந்தாலும், கனெக்ரர் கழன்றாலும், முனையில் பாசி பிடித்தாலும் மின் அப்பால் போகாது. இது திறந்த சுற்று.

இரண்டு: போகும் வாய்க்காலும் திரும்பும் வாய்க்காலும் நடுவழியில் கலந்துவிடுதல். இரு வயர்களும் தோல் உரிந்து ஒன்றோடொன்று முட்டினால் மின் திரிவரை போகாமல் குறுக்கே திரும்பிவிடும். இது குறுஞ்சுற்று.

மூன்று: வரம்பு உடைந்து நீர் வெளி நிலத்துக்குப் பாய்தல். வயர் உரிந்து வண்டியின் இரும்பு உடலில் முட்டினால் மின் அங்கே போய்விடும்.

நான்கு: அயல் வாய்க்காலின் நீர் எமது வாய்க்காலுக்குள் புகுதல். பற்றரி மின் ஓடும் வேறொரு வயர் இந்த வயரில் முட்டினால் இந்நிலை வரும்.

பெட்டி இந்நான்கையும் பிரித்தறிந்து, ஒவ்வொன்றையும் ஓர் எண்ணாகப் பதிந்து வைக்கும். உதாரணமாக, பல ரொயோட்டா வாகனங்களில் 13 என்றால் சாரதியின் பைச் சுற்றில் குறுஞ்சுற்று. 14 என்றால் அதே சுற்று திறந்திருக்கின்றது. 53உம் 54உம் பக்கத்து ஆசனப் பைக்கு உரியவை. எண்ணை வாசிக்கும் ஸ்கானர் கருவியை ஓரளவு பெரிய கராஜ்கள் வைத்திருக்கின்றன. எண்ணை வாசிக்காமல் கழற்றத் தொடங்குவது, மடை எங்கே உடைந்தது என்று பாராமல் முழு வாய்க்காலையும் வெட்டுவது போன்றது.

எண் ஒன்றும் பதியாமல் விளக்கு மட்டும் எரிந்தால் பற்றரியைப் பாருங்கள். பல வாகனங்களில் மின்னழுத்தம் குறைந்தால் இந்த விளக்கு எரியும். பழைய பற்றரிக்காகப் புதுப் பெட்டி வாங்கி வீணாகச் செலவழித்தோர் உண்டு.

கை வைக்கும் முன்னர்

பின்வருவனவற்றைக் கராஜில் வேலை பழகும் பிள்ளைகள் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும்.

1. திறப்பை நிறுத்தி, பற்றரியின் மறை முனையைக் கழற்றி, அது மீண்டும் முட்டாதபடி துணியால் சுற்றி வையுங்கள். உடனே வேலை தொடங்காதீர்கள். விபத்தில் பற்றரி நொறுங்கினாலும் பையை விரிக்க வேண்டும் என்பதற்காகப் பெட்டி சிறிதளவு மின்னைத் தன்னுள் சேமித்து வைத்திருக்கும். அது வடிய நேரம் வேண்டும். ரொயோட்டாவின் கைநூல்கள் 90 விநாடி என்கின்றன. ஹொண்டா 3 நிமிடம் என்கின்றது. பத்து நிமிடம் பொறுத்திருப்பவருக்கு நட்டம் எதுவும் இல்லை.

2. காற்றுப்பை வயர்கள் மஞ்சள் நிறக் கனெக்ரர்களில் முடியும். மஞ்சளைக் கண்டால் கையை நிறுத்துங்கள்.

3. காற்றுப்பையின் முனைகளில் மீற்றரை வைத்துத் தடையை அளக்காதீர்கள். மீற்றர் தன்னுள் இருக்கும் பற்றரியில் இருந்து மின்னைச் செலுத்தியே தடையை அளக்கின்றது. உற்பத்தியாளர்கள் இதை முற்றாகத் தடுத்துள்ளார்கள்.

4. பல்ப் பிடித்துப் பார்க்கும் பழக்கத்தை இங்கே அடியோடு மறந்துவிடுங்கள். 12 வோல்ற் பற்றரியில் 21 வாட் பல்ப் ஒன்றரைக்கும் கூடிய அம்பியர் மின்னை இழுக்கும். மின்திரி பற்றுவதற்குப் பொதுவாக 1.2 அம்பியர், அதுவும் கணப்பொழுது, போதும்.

5. கழற்றிய பையைச் சுமக்கும்போது அதன் மூடிப் பக்கம் உடலுக்கு எதிர்ப்புறம் இருக்கட்டும். மேசையில் வைக்கும்போது மூடிப் பக்கம் மேலே இருக்கட்டும். கவிழ்த்து வைத்த பை தவறுதலாக வெடித்தால் குப்பியோடு சேர்ந்து மேலே பாயும்.

6. வண்டி உடலில் மின்சார வெல்டிங் செய்யும் முன்னர் பற்றரியையும் காற்றுப்பைக் கனெக்ரர்களையும் கழற்றிவிடுங்கள்.

பழுதைத் தேடும் ஒழுங்கு

ஸ்கானர் "சாரதியின் பைச் சுற்று திறந்திருக்கின்றது" என்று காட்டுகின்றது என வைத்துக்கொள்வோம். பழுது நான்கு இடங்களில் ஒன்றில் இருக்கலாம்: பை, சுருள்நாடா, நடுவில் உள்ள வயர், பெட்டி. கமக்காரர் வாய்க்காலின் கடைசி முனையில் இருந்து கிணற்றை நோக்கி நடந்து வருவதைப் போல, நாமும் பையில் இருந்து பெட்டியை நோக்கி வருவோம்.

நல்ல மின்திரி ஒன்றின் தடை ஏறத்தாழ 2 ஓம் ஆகும். கைநூலில் சொல்லப்பட்ட அளவுடைய தடையி ஒன்றைப் பைக்குப் பதிலாகப் பொருத்தினால், பெட்டி அதைப் பை என்றே எண்ணிக்கொள்ளும். இதுவே சோதனையின் அடிப்படை.

முதலில் பற்றரியைக் கழற்றிப் பொறுத்திருந்து, சாரதியின் பையைக் கழற்றிப் பத்திரமாக வையுங்கள். சுருள்நாடாவின் மேல் முனையில் தடையியைப் பொருத்துங்கள். பற்றரியை இணைத்து, பதிந்த எண்ணை அழித்து, மீண்டும் பாருங்கள். பழுது மறைந்தால், கழற்றி வைத்த பையிலோ அதன் கனெக்ரரிலோதான் பழுது.

பழுது மறையவில்லை என்றால் மீண்டும் பற்றரியைக் கழற்றிப் பொறுத்திருங்கள். அடுத்து ஸ்ரியரிங் தண்டின் கீழே, சுருள்நாடாவுக்கு மின் வரும் கனெக்ரரில் தடையியைப் பொருத்துங்கள். இப்போது பழுது மறைந்தால் சுருள்நாடா அறுந்துள்ளது. இன்னும் மறையாவிட்டால் எஞ்சி நிற்பவை வயரும் பெட்டியுமே. வயரின் இரு முனைகளையும் கழற்றிய பின்னர், வயரை மட்டும் மீற்றரால் அளக்கலாம்.

இங்கே பழகுநர் பலர் ஏமாறும் ஓர் இடம் உண்டு. மஞ்சள் கனெக்ரரைக் கழற்றியவுடன் உள்ளே ஒரு சிறு தகடு விழுந்து இரு முனைகளையும் இணைத்துவிடும். தற்செயலாகத் தோன்றும் மின்னால் பை வெடிக்காதிருக்கச் செய்த ஏற்பாடு அது. அதை அறியாமல் வயரை அளந்தால் மீற்றர் குறுஞ்சுற்று என்று காட்டும். நல்ல வயரை வெட்டி எறிந்துவிடுவோம். கைநூல் காட்டும் முறைப்படி அந்தத் தகட்டை விலக்கிவிட்டே அளக்க வேண்டும்.

திருத்தி முடித்துத் திறப்பை முதன்முறை திருப்பும்போது பைக்கு முன்னால் எவரும் இருக்கக்கூடாது. பக்கவாட்டில் நின்று கையை மட்டும் நீட்டித் திருப்புங்கள்.

அடிக்கடி பழுதாகும் இடங்கள்

சுருள்நாடா: விளக்கு எரிவதோடு ஹோர்ணும் அடிக்காமல் விட்டால் முதலில் இதையே சந்தேகியுங்கள். ஹோர்ண் வயரும் இதன் வழியாகவே போகின்றது. ஸ்ரியரிங் வேலை செய்தவர் நாடாவை நடுநிலைக்குக் கொண்டு வராமல் பூட்டியிருந்தால், ஒரு பக்கம் முழுதாகத் திருப்பும்போது அது அறுந்துவிடும். நாடாவை ஒரு பக்கம் மெதுவாக முடிவுவரை திருப்பி, கைநூல் சொல்லும் அளவுக்குத் திரும்பக் கொண்டு வர வேண்டும். பல ரொயோட்டாக்களில் அது ஏறத்தாழ இரண்டரைச் சுற்று.

முன் ஆசனங்களின் அடி: பக்கப் பைகளின் வயரும் ஆசனப்பட்டி வயரும் இங்கே கிடக்கும். ஆசனத்தை முன்னும் பின்னும் தள்ளும்போதும், அடியில் சாமான் திணிக்கும்போதும் கனெக்ரர் ஆட்டம் காணும். பற்றரியைக் கழற்றிப் பொறுத்திருந்து, கனெக்ரரைச் சுத்தம் செய்து இறுக்கிப் பூட்டினாலே பல பழுதுகள் தீரும்.

எலி: கோடிப்புறத்தில் நிறுத்திய வாகனத்தில் எலி வயரைக் கடிக்கும். ஓர் இடத்தில் கடித்திருந்தால் முழு வயரையும் தடவிப் பாருங்கள்.

வெள்ளம்: பெட்டி தரையோடு இருப்பதால் வண்டிக்குள் ஒரு முழம் நீர் ஏறினாலே அது நனைந்துவிடும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் வெள்ளத்தில் நின்ற வாகனங்கள் இன்று விற்பனைக்கு வரலாம். நனைந்த பெட்டியை வெயிலில் காய வைத்துப் பூட்டுவது திருத்தம் ஆகாது.

விளக்கை ஏமாற்றாதீர்கள்

சோதனைக்குப் பொருத்திய அதே தடையியை உள்ளே விட்டு மூடிவிட்டால் விளக்கு அணைந்துவிடும். சிலர் பல்ப்பையே கழற்றிவிடுகின்றார்கள். வேறு சிலர் இந்த விளக்கின் வயரை இன்னொரு விளக்கோடு சேர்த்துவிடுகின்றார்கள்; இரண்டும் ஒன்றாக எரிந்து ஒன்றாக அணையும். வாகனம் வாங்குபவர் எல்லாம் நலம் என்று நம்பிப் பணம் கொடுப்பார். விபத்தன்று பை விரியாது. ஒரு குடும்பத்தின் உழைப்பாளி அத்தோடு போகலாம். இது திருட்டிலும் கொடிய செயல். "விளக்கை எப்படியாவது அணைத்துத் தா" என்று உரிமையாளரே கேட்டாலும், உங்கள் பிள்ளை மறுக்கப் பழக வேண்டும்.

விளக்குக் காட்டாத பழுதுகள்

விளக்கு அணைந்திருந்தாலும் ஆபத்து இருக்கக்கூடும் என்பதற்கு உலகறிந்த இரு சம்பவங்கள் உண்டு.

2014இல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனம் 26 இலட்சம் கார்களைத் திருப்பி அழைத்தது. திறப்புச் சுவிச்சின் பிடி தளர்வாக இருந்தது. பாரமான திறப்புக் கோர்வையோ முழங்காலோ பட்டால், ஓடும்போதே சுவிச் தானாகத் திரும்பி எஞ்சின் நின்றுவிடும்; காற்றுப்பைக்குப் போகும் மின்னும் நின்றுவிடும். அடுத்து நேரும் மோதலில் பை விரியாது. இப்பழுதால் 124 பேர் இறந்தனர் என்று நட்டஈட்டு நிதியம் ஏற்றுக்கொண்டது. சுவிச்சை இடையில் திருத்தியவர்கள் அதன் பாக இலக்கத்தை மாற்றாமல் விட்டதனால், பழைய சுவிச் எது, புதியது எது என்று தெரியாமல் ஆராய்ந்தவர்கள் நெடுங்காலம் தடுமாறினார்கள்.

மற்றது யப்பானின் தகாட்டா நிறுவனம் செய்த பைகள். அவற்றின் குப்பிகளில் அமோனியம் நைத்திரேற்று மருந்து இருந்தது. வெப்பமும் ஈரமும் உள்ள நாடுகளில் ஆண்டுக் கணக்கில் நின்றால் அந்த மருந்து பழுதடைந்து, விரியும் வேளையில் அளவுக்கு மிஞ்சி வெடிக்கும். குப்பி சிதறி இரும்புத் துண்டுகள் பாயும். அமெரிக்காவில் மட்டும் குறைந்தது 28 பேர் இதனால் இறந்தனர். அங்கே ஏறத்தாழ 6 கோடி 70 இலட்சம் குப்பிகள் திருப்பி அழைக்கப்பட்டன. எம்மைப் போலவே வெப்பமும் ஈரமும் உள்ள மலேசியாவிலும் உயிரிழப்புகள் நேர்ந்தன. 2017இல் தகாட்டா வங்குரோத்து அடைந்தது. யப்பானியக் கார்கள் பலவற்றில் பூட்டப்பட்ட இந்தக் குப்பிகள் அந்தக் கார்களோடு எமது நாட்டுக்கும் வந்தன. பெட்டி வயரையும் திரியையும் மட்டுமே சோதிக்கின்றது. மருந்தின் நிலையை அது அறியாது. ஆகவே இந்தப் பழுதுக்கு விளக்கு எரியாது. வாகனத்தின் செசி இலக்கத்தை அந்த வகை வாகனத்தின் முகவரிடம் கொடுத்து, திருப்பி அழைக்கப்பட்டதா என்று கேட்பதே வழி.

வாகனம் வாங்கும் குடும்பங்களுக்கு

நகையை விற்று, சீட்டுப் பிடித்து, வாடகைக்கு ஓட்டவென ஒரு வான் வாங்குவோர் காசு செலவில்லாமல் செய்யக்கூடியவை இவை:

திறப்பைத் திருப்பி, காற்றுப்பை விளக்கு எரிந்து அணைகின்றதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். அது மற்ற விளக்குகளைப் போலன்றித் தனக்குரிய நேரத்தில் தனியே அணைய வேண்டும். ஹோர்ணை அடித்துப் பாருங்கள். தரைவிரிப்பைத் தூக்கிச் சேறும் துருவும் இருக்கின்றனவா என்று பாருங்கள். டாஷ்போட்டில் பை இருக்கும் மூடி வெட்டி ஒட்டப்பட்டுள்ளதா என்றும் கவனியுங்கள்.

வாங்கிய பின்னர் அந்த மூடியின் மேல் சுரூபமோ சாமிப் படமோ ஒட்டாதீர்கள். பை விரியும்போது அது முகத்தை நோக்கிப் பாயும். குழந்தையை மடியில் வைத்து முன் ஆசனத்தில் இருக்காதீர்கள். சாரதியின் மார்புக்கும் ஸ்ரியரிங்குக்கும் இடையே 10 அங்குலமாவது இருக்கட்டும். ஆசனப்பட்டி இல்லாமல் காற்றுப்பை மட்டும் காக்கும் என்று எண்ணாதீர்கள்.

பழைய இரும்பு சேர்த்து வாழும் குடும்பங்களுக்கும் ஒரு சொல். நொறுங்கிய காரில் விரியாத பை இருந்தால், அதன் மருந்து இன்னும் உயிரோடு இருக்கின்றது. அதை உடைக்கவோ, எரிக்கவோ, பிள்ளைகள் கையில் கொடுக்கவோ வேண்டாம். இரும்பென்று எடுத்த பொருள் கையில் வெடித்த துயரத்தை எமது ஊர்கள் போதிய அளவு கண்டுவிட்டன.

கராஜில் கை வேலையாகப் பழகும் பிள்ளை, வாகன மின்னியலில் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழையும் பெற்றுக்கொள்வது நல்லது. தொழிற்பயிற்சி அதிகாரசபையின் நிலையங்களில் விசாரித்துப் பாருங்கள். வயலை விட்டு வர நேர்ந்தாலும், ஒவ்வொன்றாகப் பார்த்துக் கழித்துப் பழுதைக் கண்டுபிடிக்கும் அறிவு உங்களோடு வந்திருக்கின்றது. அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். மஞ்சள் கனெக்ரருக்கு முன்னால் பத்து நிமிடம் பொறுத்திருக்கவும் சொல்லிக் கொடுங்கள்.